வராத பிள்ளைக்குப் பூஜ்யம்

தென்னூர்,
18 ஜனவரி 2026

ராணி,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் போனில் என்னை பிளாக் செய்திருக்கிறாய். நவம்பரில் ஒரு நாள் உன் வீட்டு வாசலில் நின்று பெல் அடித்தேன். உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் இருபது நிமிஷத்தில் ஸ்ரீரங்கம். அந்தத் தூரத்துக்கு நான் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். படித்து முடிக்கும் வரை மட்டும் கிழித்துவிடாதே.

அக்டோபரில் நீ என் வீட்டுக்கு வந்து, "உன் ஸ்டாட்ஸ் பக்கம் பொய் சொல்லுதுடி. என் புள்ளைங்க அவ்ளோ மோசமில்ல" என்றாய். நான் உன்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நம்பர் பொய் சொல்லாது ராணி. பாடம் நடத்துறவங்கதான் பாத்துக்கணும்" என்றேன். பதினாறு வருஷப் பழக்கத்தில் ஒரு தடவைகூட உன் வேலையைப் பற்றி நான் அப்படிப் பேசியதில்லை.

ராணி, பக்கம் பொய்தான் சொன்னது.

எங்கள் கம்பெனி பள்ளிகளுக்குக் கொடுக்கும் ஆன்லைன் மார்க் ரிஜிஸ்டரில் சராசரி, அதிகம், குறைவு எல்லாம் காட்டும் பகுதியை நான் தனியாகத்தான் எழுதினேன். அது உனக்கே தெரியும். அதில் ஒரு தேர்வுக்கு வராத பிள்ளையின் கட்டம் காலியாக இருந்தால், அந்தப் பிள்ளையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான் எழுதிய புரோகிராம் வரி அந்தக் காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. வராத பிள்ளைகள் எல்லாரும் பூஜ்யம் வாங்கிய பிள்ளைகள் ஆனார்கள்.

இது நவம்பர் 12-ஆம் தேதி எனக்குத் தெரிந்தது. வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர், ஆஸ்பத்திரியில் கிடந்த பையனுக்கு ஏன் இவ்வளவு குறைந்த சராசரி காட்டுகிறது என்று கேட்டு எழுதியிருந்தார். அன்று மதியமே திருத்தினேன். ஒரே வரி. என்ன மாற்றினோம் என்று எழுதும் இடத்தில் "சிறு திருத்தங்கள்" என்று போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம்தான் உன் வீட்டு பெல்லை அடித்தேன். நீ திறக்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பொங்கலுக்கு முன் பழைய பதிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. மலர்க்கொடி. "டிசம்பர் 2-இல் டி.சி. பெற்றார்" என்று பக்கத்தில் குறிப்பு. நான்கு தேர்வில் ஒன்றை எழுதி 76 வாங்கியிருக்கிறாள், மூன்றுக்கு வரவில்லை. இப்போது சராசரி 76 என்று காட்டுகிறது. என் திருத்தத்துக்கு முன்பு 19 என்று காட்டியிருக்கும்.

அந்தப் பெண் ஏன் போனாள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். அப்படி இல்லை என்றால் எழுது.

தஹ்ஸீன்


ஸ்ரீரங்கம்,
23 ஜனவரி 2026

தஹ்ஸீன்,

அப்படி இல்லை.

உன் கடிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆகஸ்ட் தேர்வன்று திருவெள்ளறைப் பக்கத்து ஸ்கூல் வேன் வழியில் நின்றுவிட்டது. என் வகுப்பில் பதினோரு பேர் தேர்வு முடிந்த பிறகு வந்து சேர்ந்தார்கள். மறுதேர்வு கிடையாது என்று பிரின்சிபால் அழகிரி சார் சொல்லிவிட்டார். எழுதிய இருபத்தொன்பது பேரின் சராசரி 63. அந்த மொத்தத்தை நாற்பதால் வகுத்தால் 45.7. உன் பக்கம் காட்டியது அதைத்தான். ஏ பிரிவு 58, சி பிரிவு 55. என் பிள்ளைகள் முதலில் நின்றிருக்க வேண்டியவர்கள். கடைசியில் நிறுத்தப்பட்டார்கள்.

ஸ்டாஃப் மீட்டிங்கில் அழகிரி சார் அதைத் திரையில் போட்டுக் காட்டினார். "லூர்துராணி மேடம், பி செக்‌ஷன் மட்டும் செகப்புல இருக்கு. என்ன பண்றதா உத்தேசம்?" என்றார். முப்பத்திரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். பத்து வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். அன்று குனிந்து டைரியில் தேதியை எழுதினேன்.

ஆகஸ்ட் தேர்வுக்கு மார்க் போட்ட அன்று நான் உன்னிடம் போனில் கேட்டது நினைவிருக்கிறதா? "வராத புள்ளைங்களுக்கு என்னடி போடணும்?" நீ சொன்னாய்: "ஒண்ணும் போடாத, காலியா விடு. அதுவே பாத்துக்கும்." பார்த்துக்கொண்டது.

மலர்க்கொடி ஏன் போனாள் என்று கேட்கிறாய். பத்தாம் வகுப்புக்குப் போகும் முன்பு, உன் ஸ்டாட்ஸ் பக்கத்தில் கடைசியில் இருந்த மூன்று பேரின் வீட்டிலும் பேசி டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று அக்டோபரிலேயே அழகிரி சார் உத்தரவு. மற்ற இரண்டு வீட்டிலும் முடியாது என்று சண்டை போட்டார்கள். திருவெள்ளறையிலிருந்து வந்த மலர்க்கொடியின் அப்பா மட்டும் சரி என்றார். அவருக்குச் சண்டை போடத் தெரியாது. அவள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கூட இருந்து பார்த்துக்கொண்டதால்தான் தேர்வுக்கெல்லாம் வரவில்லை. அவளை அனுப்பி வைத்தது யார் தெரியுமா? நான்தான். என் வாயால்.

நவம்பர் 12-க்கும் டிசம்பர் 2-க்கும் நடுவில் இருபது நாள். ஒரு போஸ்ட் கார்டு போட்டிருக்கலாம். கதவு திறக்கவில்லை என்றால் பள்ளிக்கூடம் திறந்துதானே இருந்தது?

கேட்டாய், எழுதிவிட்டேன். இனி எழுதாதே.

லூர்துராணி


தென்னூர்,
27 ஜனவரி 2026

ராணி,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் எங்கள் முதலாளி ஆசாத் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிகள் எல்லாவற்றுக்கும் தெரிவிக்க வேண்டும், ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை காட்டிய சராசரிகள் தவறு என்று சொல்ல வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். டீ வரவழைத்தார். "சரி பண்ணியாச்சுல்லம்மா? பின்ன என்ன? இப்பப் போயி நாப்பத்திமூணு ஸ்கூலுக்கும் தப்புன்னு எழுதுனா அடுத்த வருஷம் எவன் நம்மகிட்ட வருவான்? இருவது பேரு குடும்பம் இதுல ஓடுது" என்றார். நான் டீயைக் குடித்துவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

நீ முதலில் என்னிடம் கேட்டது என்ன என்று இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் மே மாதம், மலைக்கோட்டை வாசலில் ஜூஸ் குடித்துக்கொண்டே சொன்னாய். "எந்தக் கணக்குல எல்லாரும் விழறாங்கன்னு ஒரே பார்வையில தெரிஞ்சா போதும்டி, அதை மறுபடி நடத்திடுவேன்." அதைத்தான் நான் ஆசையாகச் செய்தேன். உன் வகுப்பு, உன் பிள்ளைகள், உன் கண்ணுக்கு மட்டும். பிறகு ஆசாத் சார், பிரின்சிபால்கள் பார்க்கிற மாதிரி எல்லா செக்‌ஷனையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் வேண்டும் என்றார். கடைசியில் இருப்பவருக்குச் சிவப்பு நிறம் என்பது என் யோசனை. ஒரே மதியத்தில் முடித்துக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள். சிவப்பில் யார் நிற்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

அந்தப் பெண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? அவள் இப்போது எங்கே படிக்கிறாள்? எங்கள் ரிஜிஸ்டரில் இருக்கும் எந்தப் பள்ளியிலும் சேர்ந்ததாகப் பதிவு இல்லை.

இன்னொன்று. கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் திருத்திய பிறகு நீ ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் 76 என்றும் 63 என்றும் தெரிந்திருக்கும். நீ திறக்கவே இல்லையா? குத்திக் காட்டக் கேட்கவில்லை. யார் எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று என்னால் பார்க்க முடியும். நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

தஹ்ஸீன்


ஸ்ரீரங்கம்,
2 பிப்ரவரி 2026

தஹ்ஸீன்,

நீ பார்த்திருந்தால் நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம் என்று இருக்கும்.

ஆறு நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீ கேட்காமலே இருந்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். முழுப் பழியையும் உன் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். உன் முதல் கடிதம் வந்தபோது எனக்குக் கோபத்தைவிட அதிகமாக இருந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். தப்பு செய்தவள் வேறொருத்தி என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளே என்ற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்கு அவ்வளவு காரமாக எழுதினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நவம்பர் 24-இல் மலர்க்கொடியின் அப்பாவை வரச் சொல்லிப் பேசினேன். "தனியா பரீட்ச எழுதிக்கலாம்ங்க, இல்ல பக்கத்துலயே ஏதாவது ஸ்கூல்ல சேத்துக்கலாம். இங்க இருந்தா அவளுக்குத்தான் கஷ்டம்" என்றேன். அவர் தலையாட்டினார். அன்று சாயங்காலம் அழகிரி சார் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு உங்களுக்குத்தான் என்றார். மூன்று வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வகுப்பு.

நான்கு நாள் கழித்து மார்க் போட உட்கார்ந்தேன். பக்கம் தானாகத் திறந்தது. பி பிரிவு, ஆகஸ்ட், 63. நிறம் பச்சை. என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. கீழே போனேன். மலர்க்கொடி, 76.

நான் கணக்கு டீச்சர் தஹ்ஸீன். எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு பத்தொன்பது எழுபத்தாறு. என்ன நடந்திருக்கிறது என்று அங்கேயே புரிந்துவிட்டது. உண்மையில் அக்டோபரிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு பின்னத்தைப் பார்த்தால் கீழே என்ன எண் இருக்கிறது என்று முதலில் பார் என்று பிள்ளைகளிடம் வருஷம் முழுக்கக் கத்துகிறேன். என் வகுப்பைப் பற்றிய பின்னத்தின் கீழே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. உன் வீட்டுக்கு வந்து கத்தத் தெரிந்தது, ஒரு பேப்பரில் வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சரி, 28-ஆம் தேதி தெரிந்துவிட்டது அல்லவா? டி.சி.யில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை. எழுந்து பிரின்சிபால் அறைக்குப் போக இருபது அடி. நான் மானிட்டரை அணைத்தேன். அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார், இனிமேல் போய்ச் சொன்னால் நான்தான் அவசரப்பட்டேன் என்று ஆகும், பத்தாம் வகுப்பு கையை விட்டுப் போகும் என்று என்னென்னவோ நினைத்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். முழுசாகச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 2-இல் அப்பாவோடு வந்தாள். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டுதான் வந்தாள். வராந்தாவில் என்னிடம், "மிஸ், அந்த மூணு டெஸ்ட்டையும் இப்ப எழுதித் தரட்டுமா? படிச்சிட்டேன்" என்றாள். நான், "அதெல்லாம் முடிஞ்சு போச்சும்மா" என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொறுமை இழந்தது, ஜெபம் மறந்தது, மாமியாரிடம் எதிர்த்துப் பேசியது எல்லாம் சாமியாரிடம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

முதன்முதலாக உன்னிடம் சொல்கிறேன்.

ராணி


தென்னூர்,
8 பிப்ரவரி 2026

ராணி,

உன் கடிதம் படித்ததும் எனக்கும் முதலில் வந்தது ஆறுதல்தான். நான் மட்டும் இல்லை, அவளும் என்ற ஆறுதல். இரண்டு பேரும் இப்படி ஒருவர் தப்பில் ஒருவர் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், திருவெள்ளறையில் இருக்கிற அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும்? ஆறுதல் அரை மணி நேரம்தான் இருந்தது. பிறகு கோபம் வந்தது. உன் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய. நீ இருபது அடி நடக்கவில்லை. நான் மூன்று மாதமாக ஒரு மெயில் அனுப்பவில்லை.

புதன்கிழமை அனுப்பிவிட்டேன். நாற்பத்து மூன்று பள்ளிக்கும். மழுப்பாமல் எழுதினேன்: "ஆகஸ்ட் முதல் நவம்பர் 12 வரை எங்கள் பதிவேடு காட்டிய சராசரிகளும் தரவரிசையும் தவறானவை. தேர்வுக்கு வராத மாணவர்களைப் பூஜ்யம் வாங்கியவர்களாகக் கணக்கிட்டுவிட்டோம். தவறு நவம்பரிலேயே எனக்குத் தெரியும். அப்போதே உங்களுக்குத் தெரிவிக்காதது என் குற்றம். இந்த எண்களை வைத்து எந்த மாணவரைப் பற்றியும் ஆசிரியரைப் பற்றியும் முடிவு எடுத்திருந்தால் தயவுசெய்து மறுபடி பாருங்கள்." கீழே என் பெயர்.

ஆசாத் சாருக்கு முதல் போன் பதினைந்து நிமிஷத்தில் வந்தது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "உன்ன என் தங்கச்சி மாதிரி வச்சிருந்தேன் தஹ்ஸீன்" என்றார். மார்ச் கடைசி வரைக்கும் வேலைக்கு வரலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். அவர் அழுதிருப்பார் போல, கண் சிவந்திருந்தது. அந்த இருபது குடும்பத்தைப் பற்றி அவர் சொன்னதும் பொய்யில்லை. அதனால் எனக்கு நல்லது செய்தேன் என்ற நிம்மதியும் வரவில்லை.

வீட்டில் என்னைப் பெற்ற அத்தாவிடம் சொன்னேன். "வேல போனா வேற பாத்துக்கலாம். அந்தப் புள்ளைக்கு என்ன பண்ணப் போறே?" என்றார். 

இதோடு மலர்க்கொடியின் மதிப்பெண் தாள் வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் 76. மற்ற மூன்றிலும் "வரவில்லை" என்று மட்டும் இருக்கிறது. நான் செய்ய முடிந்தது இவ்வளவுதான். மீதிக்கு நீ போக வேண்டும்.

தஹ்ஸீன்


ஸ்ரீரங்கம்,
15 பிப்ரவரி 2026

தஹ்ஸீன்,

உன் மெயில் வந்த அன்று அழகிரி சார் என்னைக் கூப்பிட்டு, "டெக்னிக்கல் பிரச்சனையாம் மேடம். நம்ம மேல தப்பில்ல. அந்தப் பொண்ணு வேணும்னா திரும்பி வரட்டும், சத்தமில்லாம சேத்துக்கலாம்" என்றார். சத்தமில்லாமல் அனுப்பினோம், சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். நான் நன்றி சார் என்றுதான் சொன்னேன்.

நேற்று சனிக்கிழமை. நம்பர் ஒன் டோல்கேட்டில் துறையூர் பஸ் ஏறித் திருவெள்ளறை போனேன். விசாரித்துக்கொண்டு போனால் வெண்டைக்காய்த் தோட்டத்தில் இருந்தாள். கையில் சுணை அரிக்காமல் இருக்கப் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தாள். பள்ளி யூனிஃபார்ம் சாக்ஸ். என்னைப் பார்த்ததும் அதைக் கழற்றிப் பின்னால் மறைத்துக்கொண்டு, "குட் மார்னிங் மிஸ்" என்றாள்.

அம்மா வாசலில் நாற்காலி போட்டார். அப்பா வந்தார். நான் உன் தாளைக் கொடுத்தேன். தஹ்ஸீன், அங்கேயும் நான் முழுசாகச் சொல்லவில்லை. வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: "கம்ப்யூட்டர்ல தப்பாயிடுச்சுங்க. அதுல உங்க பொண்ணு மார்க் தப்பா காட்டியிருக்கு."

அப்பா, "மிஷின்தானேங்க, ஆகுறதுதான்" என்றார். மலர்க்கொடி தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியாது மிஸ். உங்களுக்குத் தெரியும்ல?"

"டீச்சர்கிட்ட என்ன பேச்சு" என்று அம்மா அதட்டினார். நான் அவர் கொடுத்த மோரைக் குடித்தேன்.

திரும்பி வருகிறாயா என்று கேட்டேன். வரமாட்டேன் என்றாள். அழவில்லை, முறைக்கவில்லை. "அங்க வேணாம் மிஸ். இங்க பக்கத்துல கவர்மெண்ட் ஸ்கூல் இருக்கு. அங்க சேத்துவிடுங்க. பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல?" என்றாள். நடு வருஷத்தில் எடுப்பார்களா என்று அப்பாவுக்குப் பயம். "நீங்க ஒரு வார்த்த சொன்னா எடுப்பாங்க டீச்சர்" என்றார். இருபத்தேழாம் தேதி கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கம்ப்யூட்டர் என்று நான் சொன்னது உன்னைத்தான். மறுபடியும் உன் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன். மன்னித்துக்கொள்.

ராணி


தென்னூர்,
20 பிப்ரவரி 2026

ராணி,

என் மேல் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. பாதி உண்மைதானே. ஆனால் மீதிப் பாதியை உன்னைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. என் பாதியை நாற்பத்து மூன்று பேருக்கு எழுதிய பிறகும் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிப் போகாதே.

இந்த வருஷம் எங்கள் நோன்பும் உங்கள் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கியிருக்கின்றன. இருபத்தேழாம் தேதி நீ அங்கே நிற்கும்போது நானும் இங்கே உனக்காகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தஹ்ஸீன்


ஸ்ரீரங்கம்,
1 மார்ச் 2026

அன்புள்ள தஹ்ஸீன்,

உன் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நீ கூப்பிட்டால் எடுப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதித்தான் சொல்ல முடியும். போனில் சொன்னால் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடுவேன்.

அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளி வாசலில் நின்றார். மலர்க்கொடி எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். தலைமையாசிரியை பெயர் கமர் ஜஹான். ஐம்பது வயதிருக்கும், கண்டிப்பானவர் போல் தெரிந்தது. உன் தாளை வாங்கிப் பார்த்தார். "எழுபத்தாறு வாங்குற புள்ள. பின்ன ஏம்மா நடு வருஷத்துல நின்னே?" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே மலர்க்கொடி சொன்னாள். "அம்மாவுக்கு ஒடம்பு முடியல டீச்சர். வீட்டுல ஆள் இல்ல. நானேதான் நின்னுட்டேன்."

அந்த அறையில் அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மேப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பதினாலு வயதுப் பெண், நான் அவளுக்குச் செய்ததை அவளே தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். எதற்காக என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. எனக்காகவா, இல்லை, வேண்டாம் என்று அனுப்பப்பட்டவள் என்று புதுப் பள்ளியில் தெரியக் கூடாது என்றா? அப்பா ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். தலைமையாசிரியை பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் பேசாமல் இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். அவ்வளவு வசதியாக இருந்தது தஹ்ஸீன். நவம்பரில் மானிட்டரை அணைத்த மாதிரியே.

"இல்லீங்க மேடம். அவ நிக்கல. நான்தான் அனுப்புனேன்" என்றேன்.

பேனா நின்றது. நான் எழுந்து நின்றுதான் சொன்னேன், ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. தப்பாகக் காட்டிய எண்ணைச் சரிபார்க்காமல் அவளைக் கடைசி மூன்று பேரில் ஒருத்தி என்று நம்பினேன் என்றேன். டி.சி. கொடுப்பதற்கு நான்கு நாள் முன்பே சரியான மார்க் என் கண்ணில் பட்டது, எனக்குப் பத்தாம் வகுப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பேசாமல் இருந்தேன் என்றேன். இவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். 

மலர்க்கொடி அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபத்தை எதிர்பார்த்தேன். ஆச்சரியம்தான் இருந்தது. நான்கு நாள் முன்பே எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் புதிது. அவளுக்கு என் மேல் மிச்சமிருந்த ஏதோ ஒன்று அந்த நிமிஷம் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

கமர் ஜஹான் மேடம் அதுவரை எழுதியதை அடித்தார். பிறகு, "இத அப்படியே எழுதிக்கவா? உங்க கையெழுத்து வேணும்" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். போட்டேன். "திங்கக்கிழமையிலேர்ந்து வாம்மா. ஏப்ரல் பரீட்ச எழுதலாம்" என்று அவளிடம் சொன்னார். மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவள் அந்தப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்க ஜன்னல் பக்கம் போனாள், நான் கிளம்பும்போது அங்கேயே நின்றாள். போயிட்டு வரேன் என்றேன். "சரிங்க மிஸ்" என்றாள்.

நாளைக் காலையில் அழகிரி சாரிடம் என் பெயர் போட்ட ஒரு கடிதம் கொடுக்கப் போகிறேன். அங்கே கையெழுத்துப் போட்டதன் நகல் அதில் இருக்கும். பத்தாம் வகுப்பு போகும். வேலையும் போகலாம். அதைப் பெரிதாக எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லியும் வந்தார்.  ஸ்டாப்பில் நின்றதும், "என்ன மன்னிச்சிருங்க" என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "அன்னிக்கி டி.சி. வாங்குறப்ப உங்களக் கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்தேன் டீச்சர்" என்றார்.

  துறையூரிலிருந்து வரும் பஸ் தூரத்தில் தெரிந்தது. அது அந்த ஸ்டாப்பில் நிற்காத வண்டி. அவர் ரோட்டில் இறங்கி, தோளில் இருந்த துண்டை எடுத்து வீசி வீசி எனக்காக அதை நிறுத்தினார். ஏறினேன்.

உன்
ராணி